கண் திறந்த குதிரை

புளியங்கொட்டைப் பசை காயும்போது ஒரு புளித்த நாற்றம் வரும். அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க செஞ்சியில் எங்கள் வீட்டுக் கொல்லை அப்படித்தான் நாறியது. நானும் அக்காவும் மூங்கில் பத்தைகளைக் கட்டி, அதன்மேல் பழைய காகிதத்தை ஒட்டி, ஆளுயரத்துக்கு ஒரு குதிரை செய்துகொண்டிருந்தோம். சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுகிற நைனா, கழித்துப்போட்ட கம்பிகளில் கால்களைக் கோத்து, வயிற்றில் போட்ட ஓட்டை வழியாகக் கயிறு விட்டிருந்தோம். கயிற்றைச் சுண்டினால் கால்கள் மாறிமாறித் தூக்கும், கழுத்து குனிந்து நிமிரும். அந்தப் பாய்ச்சலை வரவழைப்பதற்குள் எங்கள் உள்ளங்கையெல்லாம் கொப்புளித்துவிட்டது. ஊரே பார்க்க அது ஒரு தடவை பாய வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை.

அமாவாசையன்று, மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கூட்டம் நிற்கிற இடத்தில், நைனாவின் கடை வாசலில் அதை நிறுத்தினோம். கண்ணை மட்டும் வைக்காமல் விட்டிருந்தது அக்காவின் யோசனை: "எல்லாரும் பாக்க சொல்ல கண்ணு வச்சிட்டு, ஒடனே ஓட வுடலாம்." சாமி சிலைக்குக் கடைசியாகக் கண் திறப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அன்றைக்கு இரண்டு பேர் மண்டையிலும் அது உறைக்கவில்லை.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்ணை மையால் எழுதி முடித்ததுதான் தாமதம், அனந்தபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா கோயிலுக்கு வைத்திருந்த கற்பூரத்தை எடுத்துக் குதிரையின் முன்னால் ஏற்றிவிட்டார். கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி இல்லீங்க, பொம்ம. இழுத்தா ஓடும்" என்றாள் அக்கா.

"கண்ணு தொறந்த பொறவு கவுறு போட்டு இழுப்பாங்களா? இன்னா பொண்ணும்மா நீ" என்று அந்த அம்மா என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் குதிரையின் வயிற்றுக்குள்ளேயே திணித்தார்.

நைனாவிடம் ஓடினோம். "வுடுங்க, ஜனங்க கும்புட்டுட்டுப் போவட்டும். பொறவு இழுத்துக்கலாம்" என்றார். அந்தப் "பொறவு" வரவே இல்லை. அடுத்த அமாவாசைக்குள் கீற்றுக் கொட்டகை போட்டு, மஞ்சள் துணி சுற்றி, செய்த எங்களையே கிட்டே வரக்கூடாது என்று விரட்டினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

போன மாதம் செஞ்சிக்குப் போயிருந்தேன். நைனாவும் இல்லை, கடையும் இல்லை. காகிதக் குதிரை மக்குவதற்கு முன்பே அதைப் பார்த்து அச்சு அசலாகச் செய்த சிமெண்ட் குதிரை அதே இடத்தில் அசையாமல் நிற்கிறது. வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தேன். நாங்கள் கயிறு விட்ட ஓட்டையையும் விடாமல் செய்திருக்கிறார்கள். அதில் ஊதுவத்தி செருகியிருந்தது.