மாதம்மாள் எந்தக் கோட்டில் நிற்பது?

பொங்கல் முடிந்து வாரம் ஒன்றாகப் போகிறது. கரும்புச் சக்கையைக்கூட எல்லோரும் கூட்டித் தள்ளியாயிற்று. என் மண்டைக்குள் மட்டும் இன்னும் ஒரு விசில் ஊதிக்கொண்டே இருக்கிறது.

கம்பைநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே வாலிபர் சங்கத் தலைவர் கோவிந்தன் எனக்குப் பழக்கம். "அண்ணா, பொங்கல் வெளையாட்டுக்கு நீங்கதான் ஜட்ஜ்" என்று வந்து நின்றார்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பத்திரிகையில் எழுதினால் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை!

"ஓட்டப் பந்தயத்தப் பத்தி எனக்கு என்னப்பா தெரியும்?"

"யாரு மொதல்ல கயித்தத் தொடறாங்கன்னு பாக்கணும். அவ்ளோதாங்க. இதுக்குக்கூடவா பயம்?"

பயம்தான். மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றுகொண்டு, 'ரயில் போயிடுச்சா?' என்று போர்ட்டரைக் கேட்கிற ஆள் நான். உங்களுக்குத் தெரியாததா?

போனேன். கேழ்வரகு அறுத்த காட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பெண்களுக்கு இரண்டு ஓட்டம். சிறுமியருக்கு ஒன்று, பரிசு சோப்புப் பெட்டி. பெரிய பெண்களுக்கு ஒன்று. பரிசு பித்தளைக் குடம்.

யார் சிறுமி, யார் பெரியவள்? வயசு கேட்டால் "மழை பெய்யாத வருஷம் பொறந்தா" என்பார்கள். பள்ளிக்கூடம் போனவர்களுக்கோ வாத்தியார் போட்ட பிறந்த தேதி... எல்லோருக்கும் ஜூன் மாதம்! அதனால் கோவிந்தன் ஒரு சட்டம் போட்டிருந்தார். மஞ்சள் நீராட்டு ஆனவர்கள் பெரிய பெண்கள். ஆகாதவர்கள் சிறுமியர். பந்தல் போட்டு, பாட்டுப் போட்டு, ஊரே சாப்பிட்டுவிட்டுப் போன விஷயம். அதில் யாரும் பொய் சொல்ல முடியாதல்லவா?

நல்ல யோசனை என்றுதான் நானும் தலையாட்டினேன்.

சிறுமியர் கோட்டில் பாவாடை கட்டிய வாண்டுகள் வந்து நின்றன. நடுவில், பனைமரம் மாதிரி ஒருத்தி. பதினெட்டு, பத்தொன்பது இருக்கும். மாதம்மாள் என்று பெயர். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவள்.

"ஏய் மாது, வெக்கமா இல்ல? எம்புள்ள ஒன் இடுப்பு ஒசரம்கூட இல்ல. இதுங்களோட ஓடி சோப்பு டப்பா வாங்கப் போறியா?" என்று ஒரு தாய் கத்தினாள்.

"கோவிந்தண்ணன்தான மைக்குல சொன்னாரு, சடங்கு ஆவாதவங்க இங்க நிக்கணும்னு. எனக்கு இன்னும் ஆவல" என்றாள் மாதம்மாள் — ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று சொல்வதுபோல.

சட்டப்படி அவள் நின்ற இடம் சரிதான்! கோவிந்தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "செரி செரி, நீ அந்தப் பக்கம் பெரியவங்களோட நில்லும்மா."

அந்தப் பக்கம் காவேரி. இரண்டு பிள்ளைக்காரி. போன பொங்கலில் குடம் வாங்கியவள். இடுப்பில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அதெப்படிங்க? நாங்க ரெண்டு புள்ள பெத்த ஒடம்பு. மாசாமாசம் வயித்து வலியில சுருண்டு கெடக்கறோம். இவளுக்கு அதெல்லாம் என்னான்னே தெரியாது. இவகூட ஓடறதுக்கு நான் மானுகூட ஓடலாம்!"

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே கூட்டத்திலிருந்து ஒரு ஆண் குரல்: "அது பொம்பளையா ஆம்பளையான்னு மொதல்ல நர்ஸம்மாவ வுட்டுப் பாக்கச் சொல்லுங்கப்பா!"

சிரிப்பு நின்றுவிட்டது. மாதம்மாள் தரையைப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். "சாமி, பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா, எம்பொண்ணு பொண்ணுதாங்க. ஒடம்பு வாகு அப்படி. ஓட வுடுங்க, வுடாதீங்க, என்னமோ பண்ணுங்க. மைக்குல மட்டும் ஒண்ணும் சொல்லிராதீங்க. ஏரியூர்ல ஒரு எடம் பேசிட்டு இருக்கறோம். அவங்க ஆளுங்களும் வந்திருக்காங்க..."

வெளிநாட்டுப் பந்தயங்களில், ஓட வருகிற பெண்களை டாக்டர்கள் சோதித்துப் பார்த்துத்தான் விடுகிறார்களாம். பேப்பரில் படித்திருக்கிறேன். அங்கே ஏதோ ஒரு அறைக்குள் நடக்கும். இங்கே வெட்டவெளி. பக்கத்தில் மைக் செட்.

கவலைப்படுகிறவன் என்ன செய்வான்? தள்ளிப்போடுவான். "பெரியவங்களோட ஓடட்டும். முடிவை அப்புறமா சொல்லலாம்" என்றேன்.

ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்வதா? கயிற்றைத் தொட்டுவிட்டுத் திரும்பி நின்று, மற்றவர்கள் வருவதை வேடிக்கை பார்த்தாள். அப்போதுதான் அவள் சிரித்து நான் பார்த்தேன். பெரியவர்கள் யாரும் கை தட்டவில்லை. வாண்டுகள் தட்டின.

இப்போது சொல்லுங்கள். குடம் யாருக்கு?

காவேரி சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. மாதம்மாள் செய்ததில் என்ன தப்பு? அதுவும் ஒன்றுமில்லை. அந்த உடம்பை அவள் கடையில் கேட்டா வாங்கினாள்? தினமும் மலை ஏறி இறங்குகிற கால். அது வேகமாக ஓடியதற்கு வேலை காரணமா, வேறு ஏதாவது காரணமா? யார் கண்டது? நெல்லுச்சோறு சாப்பிடுகிறவளுக்கு ஒரு பந்தயம், களி சாப்பிடுகிறவளுக்கு ஒரு பந்தயம் என்று வைத்துக்கொண்டே போக முடியுமா? சரி, எதையும் பார்க்க வேண்டாம் என்றால்... அப்புறம் பெண்களுக்கென்று தனியாகப் பந்தயம் எதற்கு?

ஒரு பக்கம் யோசித்தால் அந்தப் பக்கம் நியாயம். இந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் நியாயம்.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணா, ஜனங்க பாக்கறாங்க" என்றார் கோவிந்தன். நான் ஏதோ சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். கடைசியில் மைக்கில் வந்தது இதுதான்: "பெரிய பெண்கள் ஓட்டம். முதல் பரிசு, காவேரி. சிறப்புப் பரிசு, மாதம்மாள்."

காரணம் சொல்லவில்லை. அவள் அம்மா கேட்டுக்கொண்டபடியே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தவளுக்கு ஏன் சிறப்புப் பரிசு என்று ஊர் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. ஏரியூர்க்காரர்களும்தான். காரணத்தைச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உரக்கக் கேட்டிருக்காது.

காவேரி குடத்தை வாங்கினாள். "இது எனக்குத்தாங்க வரணும். ஆனா இப்படி வரக் கூடாது" என்றாள். திருப்பித் தருவாளோ என்று நினைத்தேன். தரவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாதம்மாளுக்குச் சோப்புப் பெட்டி. மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள். அழப்போகிறாள் என்று பயந்தேன். அழவில்லை.

"சார், வர்ற வருசம் நான் எந்தக் கோட்டுல நிக்கணும்? அத மட்டும் இப்பவே சொல்லிருங்க. வந்து நின்னப்புறம் அங்க போ, இங்க போன்னு அலைய வைக்காதீங்க."

நான் கோவிந்தனைப் பார்த்தேன். கோவிந்தன் மைக்கைப் பார்த்தார். அவள் ஆடுகளைத் தேடிப் போய்விட்டாள்.

ஏரியூர்க்காரர்களிடமிருந்து இன்னும் தகவல் இல்லையாம். நேற்று கோவிந்தன் அனுப்பிய ஆள் வந்து சொன்னான். கூடவே இன்னொன்றும் சொன்னான், அடுத்த பொங்கலுக்கும் நான்தான் ஜட்ஜாம்.

உடம்பு சரியில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டேன் — அடுத்த தை மாதத்துக்கு!