அம்மாவின் மூன்று கிரீம் டப்பாக்கள்

என் அம்மாவுக்கு அழகு நிலையத்தில் வேலை. அடுத்தவர் புருவத்தை நூலால் திருத்துவது, தலை அலசுவது, கிரீம் தடவித் துடைப்பது என்று பதினாறு வருடம். ஒருநாள் அவள் தடவிவிட்ட கிரீமில் ஒரு பெண்ணின் கன்னம் செக்கச்செவேலென்று தடித்துப்போனது. "இதுல என்னதான் போட்டிருக்காங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். டப்பாவின் பின்பக்கத்து எறும்பு எழுத்தைப் படித்துப் பார்த்தும் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த ரோஷத்தில்தான் அழகுசாதன அறிவியலில் தொலைநிலைப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள்.

பதினான்கு பாடம். போனிலேயே வரும். அவரவர் வேகத்தில் படிக்கலாம், மூன்று வருடத்துக்குள் முடித்தால் போதும். அம்மா சோறு வேகும்போது அரைப் பக்கம், துணி ஊறும்போது அரைப் பக்கம் என்று படித்தாள்.

"உங்கம்மா வேகத்துல நான் வண்டி ஓட்டினா, காலையில வேலைக்கு ஏறினவங்க ரிட்டயர் ஆகித்தான் இறங்குவாங்க" என்பார் பஸ் ஓட்டும் அப்பா.

சந்தேகம் வந்தால் அம்மா என்னிடம்தான் கேட்பாள். மகள் அறிவியல் குரூப் எடுத்தவள் என்று ஒரு மரியாதை. பதினொன்றாவதில் பாதியிலேயே நின்றுவிட்டவள் என்பதை அவ்வப்போது மறந்துவிடுவாள்.

"பிஹெச்சுன்னா என்னடி?"

"புளிப்பை அளக்குற நம்பரும்மா."

"அது ஏன் பதினாலு வரைக்கும் போகுது?"

"பதினாலு பேரு ருசி பார்த்திருப்பாங்க."

அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நாலாம் பாடம் முடித்த அன்று அந்த வரியை மெல்லிய கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியான பதிலை எழுதினாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசி வேலை, தானே ஒரு கிரீம் செய்து மூன்று டப்பாவில் வைப்பது. ஒன்று பிரிட்ஜில், ஒன்று அலமாரியில், ஒன்று பல்பு எரியும் தெர்மாகோல் பெட்டியின் சூட்டில். இருபத்தெட்டு நாள், வாரம் ஒருமுறை முகர்ந்து, எடை போட்டு, படம் எடுத்து எழுத வேண்டும். அது முடிந்தால் மூன்று வருடக் கெடுவுக்கு ஐந்தே நாள் மிச்சம். சொதப்பினால் மறுபடி செய்ய நேரம் கிடையாது. படிப்பே போச்சு.

இந்த இடத்தில் என் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் அப்போது பதினோரு பரு. இத்தனை மெனக்கெட்டுச் செய்த கிரீம் சும்மாதானே இருக்கிறது என்று அலமாரி டப்பாவில் விரலை விட்டேன். மறுநாளும் விட்டேன். அளவு குறைவது தெரிந்ததும் குழாய்த் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கலக்கி வைத்தேன். வாரக் கடைசியில் அம்மா தராசில் வைத்தால் ஒரு கிராம்கூடக் குறையாது. பால்காரர்கள் என்னிடம் டியூஷன் வரலாம்.

இருபத்தோராம் நாள் மூடியைத் திறந்த அம்மா அப்படியே நின்றாள். கிரீமின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை, பூனைக்குட்டி ரோமம் மாதிரி.

"ஒரு டப்பாதானே? மத்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அப்பா.

"பிரிட்ஜுல இருக்கறதுல குளிருக்குப் பூஞ்சை பிடிக்காது. பெட்டியில இருக்கறதுல சூட்டுக்குப் பிடிக்காது. நடுவுல இருக்கறதுதாங்க உண்மையைச் சொல்லும். கெடாம இருக்க நான் போட்ட மருந்து பத்தலை. என் கணக்கே தப்பு." நோட்டை மூடி பீரோ மேல் வைத்தாள். "புருவம் எடுக்கறவளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். கரப்பான்பூச்சி மேல் பழியைப் போடலாம் என்று வைத்திருந்த திட்டத்தைக் கைவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

"அம்மா, அது நான்தான்."

"எதுடி?"

"பூஞ்சை."

"அதான் எனக்கு எப்பவோ தெரியுமே" என்றார் அப்பா.

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி பறக்கும் என்று ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அம்மா பீரோ மேலிருந்து நோட்டை எடுத்துவந்து பேனாவைத் திறந்தாள்.

"என்னைக்கு ஆரம்பிச்சே?"

"ஒம்பதாம் நாளு."

"கை கழுவினியா?"

"ஒரு தடவை."

"எத்தனை தடவை விரலை விட்டே, அதுல ஒரு தடவை கழுவினே?"

"...பன்னெண்டு."

"தண்ணி எத்தனை ஸ்பூன்?"

"ஆறு இருக்கும். அடிக்கணும்னா அடிச்சுடும்மா."

"இருடி, எழுதிக்கிறேன். ஆறு ஸ்பூன் குழாய்த் தண்ணி ஊத்துனா எந்தக் கிரீம்தான் தாங்கும்? அப்ப கணக்கு தப்பு இல்லை!" அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கிரீமைக் கெடுத்த திருடிக்கு இப்படி ஒரு வரவேற்பு வேறெந்த வீட்டிலும் கிடைத்திருக்காது.

மிச்ச ஏழு நாளும் இரண்டு டப்பாவை மட்டும் பார்த்து அறிக்கையை முடித்தாள். மூன்றாவது டப்பாவுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போட வைத்தாள். கடைசியில் சொந்தமாக ஒரு யோசனையும் சேர்த்தாள்: இந்தக் கிரீமை டப்பாவில் அடைக்க வேண்டாம், டியூபில் அடைக்கவும், வாங்குகிறவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.

பாஸ். மதிப்பெண் சுமார்தான். ஒரு டப்பாவின் சோதனை முழுமையடையவில்லை என்று குறைத்திருந்தார்கள். காரணம் கண்டுபிடித்ததற்கும் டியூப் யோசனைக்கும் முழு மதிப்பெண் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்பை அம்மா அப்பாவிடம் மூன்று முறை படித்துக் காட்டினாள். மூன்றாவது முறை அப்பா வண்டி ஜோக் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மறுபடி கிரீம் கிண்டினாள், மறுபடி மூன்று டப்பா. யாரும் கேட்கவில்லை, கெடுவும் இல்லை.

"பாஸாயிட்டியேம்மா, இன்னும் எதுக்கு?"

"அவங்க பாஸ் போட்டுட்டாங்க. நான் இன்னும் போடலை."

அலமாரி டப்பாவுக்கு என்னைக் காவல் வைத்திருக்கிறாள். இன்று பத்தொன்பதாம் நாள். தினமும் கையைக் கழுவிக்கொண்டு போய், மூடியைத் தொடாமல் பார்த்துவிட்டு வருகிறேன்.