அவள் ஸ்டூல் உயரத்தில் ஒரு வண்டி

மின்சார வண்டி விற்கிற கடைக்குள் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்தவன் அம்பத்தூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாசலில் நின்ற காவலாளி மறித்தார்.

"அண்ணாத்தே, உள்ள சோபாவே கீது. இத்த இன்னாத்துக்கு தூக்கினு வர?"

"உக்கார இல்லப்பா. அளக்கறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் ஸ்டூல். "சரி, போ. எதையாவது இடிச்சிகிடிச்சி வெக்காத" என்று வழி விட்டார்.

அந்த ஸ்டூல் என் மனைவியுடையது. போன கார்த்திகைக்கு வீடு கழுவிவிடும்போது வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, உள்ளே பிளேட் வைத்து, மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, முட்டி இடுப்புக்கு மேலே வரக் கூடாது, உடம்பு குலுங்கக் கூடாது. வீட்டில் இருந்த நாற்காலி, கட்டில் எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்தாள். சமையல் மேடையோரம் காய் நறுக்க வாங்கிய இந்த உயரமான ஸ்டூல் ஒன்றுதான் அவளுக்கு ஒத்துவந்தது. அதற்கப்புறம் சாப்பாடு, பூஜை, டிவி எல்லாம் அதன் மேல்தான்.

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து பிரதோஷம் என்றால் திருமுல்லைவாயில் சிவன் கோயில். நான் கம்பெனியிலிருந்து வந்து குளிப்பேன், அவள் வில்வமும் பாலும் எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னால் ஏறுவாள். விழுந்த பிறகு அது நின்றுபோனது. பஸ் படி ஏற முடியாது. ஆட்டோ சீட் தாழ்வு, போதாததற்கு மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்ட ரோடு. என் பழைய பைக்கோ, நின்ற இடத்திலேயே நடுங்குகிற ஜாதி.

போகமுடியாத பிரதோஷங்களில் அவள் ஸ்டூலை வாசல் கேட்டருகே போட்டு, கோயில் இருக்கிற மேற்கே பார்த்து உட்கார்ந்து கைகூப்புவாள். கூட்டிப்போ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

"அங்க நந்தி வாசலையே பாத்துகினு கீறாரு. இந்தப் பொம்பள எங்க காணோம்னு நெனச்சிப்பாரு இல்ல?"

எங்கள் கோயில் நந்தி அப்படி. சாமிக்கு எதிர்முகமாக இல்லாமல், வருகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளை எப்படியாவது நந்தி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்ததுதான், ஸ்டூலைத் தூக்கவைத்தது.

"கரண்டு வண்டி குலுங்காது நைனா" என்று முதலில் சொன்னவள் மகள். அவளுக்கு கார் ஆசை. ஆனால் கார் சீட்டில் இறங்கித்தான் உட்கார வேண்டும். எங்கள் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டும். கடைசியில் ஸ்கூட்டர் பார்ப்பது என்று முடிவானது.

கடையில் ஒரு பெண் பிள்ளை அன்பாக வரவேற்றாள். "உங்க லைஃப்ஸ்டைலுக்கு எது சூட் ஆகும்னு பாத்துடலாம் சார். உங்க டெய்லி ரொட்டீன் எப்படி?"

நான் படித்தது எட்டாவது. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்று, "காலைல எழுந்து குளிச்சி, திருநீறு பூசிகினு, வெளக்கேத்துவோம்மா" என்று ஆரம்பித்தேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இல்ல சார், ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நின்று யோசித்தேன். வீடு, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கம்பெனி, மார்க்கெட், கோயில். வருஷத்துக்கு ஒரு தடவை பெரியபாளையத்து அம்மன். அவ்வளவுதான். ஒரு செக்கு மாடு சுற்றுகிற தூரம்கூட இல்லை. அதற்குள்ளேயே எனக்குக் கல்யாணம் செய்து, பிள்ளை கொடுத்து, முடி நரைக்கவும் வைத்திருக்கிறான் ஈசன். குறையாகத் தெரியவில்லை. உள்ளங்கைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறானே என்று மெய்சிலிர்த்தது.

"இந்த மாடல் ஒரு சார்ஜ்ல வேலூர் வரைக்கும் போவும் சார்."

"வேலூர்ல எனக்கு யாரும்மா கீறாங்க?"

அவள் சிரிப்பை அடக்கவில்லை. நான் ஸ்டூலைக் கொண்டுபோய் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அப்படித்தான். மிஷினிலிருந்து விழுகிற எந்தத் தகட்டையும் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல மாட்டோம். கேஜ் என்று ஒரு அளவுக்கட்டை இருக்கும். அதில் பொருந்தினால் பாஸ், பொருந்தாவிட்டால் ரிஜெக்ட். வண்டிக்கு என்னிடம் இருந்த கேஜ் இந்த ஸ்டூல்.

திரை வைத்தது, பாட்டுப் பாடுவது, சிட்டாய்ப் பறப்பது எல்லாம் வரிசையாக நின்றன. பின்சீட்டு ஒவ்வொன்றும் கோபுரத்துக்கு ஏறுவதுபோல் சரிந்து மேலே போனது. ரிஜெக்ட், ரிஜெக்ட் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். மூலையில், யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சாம்பல் நிற வண்டி ஒன்று. தட்டையான நீள சீட். ஸ்டூலை ஒட்டி வைத்து உள்ளங்கையைத் தேய்த்து நகர்த்தினேன். ஸ்டூலிலிருந்து சீட்டுக்குக் கை தடுக்காமல் போனது.

"சிவசிவா" என்றேன், சத்தமாகவே.

"சார், அது கொஞ்சம் ஸ்லோவா போவும்" என்றாள் அந்தப் பெண்.

"நாங்களும் அப்படித்தாம்மா."

அதையே வாங்கினேன். அவள் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டுமே என்று பூந்தமல்லியில் சீட் தைக்கிற பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். ஆட்டோக்களுக்கு சீட் போடுகிறவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஸ்டூலை வாங்கி, முதலில் அவரே அதில் உட்கார்ந்து அசைந்து பார்த்தார்.

"தங்கச்சிக்கு மெத்துனு போட்டுக் குடுன்னு சொல்லுவ. போட மாட்டேன் அண்ணாத்தே. மெத்துனு போட்டா அமுங்கும், அமுங்குனா ஒசரம் போச்சி. கெட்டியாத்தான் வரும்."

"நீ எப்டி போட்டாலும் சரி பாய்."

சீட்டுக்கு முதுகுச் சாய்வு, பக்கத்தில் பிடித்துக்கொள்ள வளைகம்பி, பக்கவாட்டில் உட்காருகிறவளுக்குக் கால் வைக்க அகலமான தட்டு. எல்லாம் முடித்து, வண்டியைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "தங்கச்சி மொத வாட்டி கோயிலுக்குப் போவசொல்ல எனக்காவும் சாமிகிட்ட கொஞ்சம் கேக்கச் சொல்லு. தோள்பட்டை வலி தாங்கல."

மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் வண்டிப் பூஜை. அவள் எங்கள் கேட்டிலிருந்தே பார்த்தாள். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குருக்கள் தட்டுடன் எதிரே நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"ஆயிடிச்சி சாமி."

"எங்க? சத்தத்தையே காணோமே. இன்னொரு தரம் பண்ணுங்கோ."

கைப்பிடியைத் திருகினேன். வண்டி நகர்ந்தது. குருக்கள் தட்டோடு துள்ளி ஒதுங்கினார். "அடடா, பூனை மாதிரின்னா வரது!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகப் பவர் பிரஸ் முன்னால் நின்றவன் நான். இரும்பு அசைந்தால் தரை அதிரும், காது அடைக்கும். சத்தமில்லாமல் எதுவும் அசையாது என்றே நம்பியிருந்தேன். இந்த வண்டியில் எனக்குக் கேட்டது எலுமிச்சம்பழம் நசுங்கின சத்தம் ஒன்றுதான். அந்தச் சத்தம்கூட எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். என் காது மந்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் எது சொன்னாலும் உரக்கச் சொல்லி, கடைசியில் "கேக்குதா?" என்று சேர்த்துக்கொள்வாள்.

அங்கேதான் நான் ஒரு வேலை பண்ணினேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மிஷினுக்கு மிஷின் பொட்டு வைப்போம். தகடு உள்ளே போகிற வாய்க்கு ஒரு பொட்டு கட்டாயம் உண்டு. இந்த வண்டிக்கு வாய் எது? சார்ஜ் போடுகிற இடம். மூடியைத் திறந்து, குழைத்த சந்தனமும் குங்குமமும் பக்தியோடு உள்ளேயே அப்பிவிட்டேன். அன்று பகல் முழுக்க மகள் தோழிகளிடம் காட்டுவதற்காக வண்டியை ஓட்டித் தீர்த்தாள். ராத்திரி அவள் பிளக்கைச் செருகினாள். காலையில் பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை. சாயங்காலம் பிரதோஷம்.

மகள் மூடிக்குள் எட்டிப்பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா! இதுக்கு யாராவது வாயில பொட்டு வெப்பாங்களா?"

கடைப் பெண்ணுக்குப் போன் செய்தோம். "பிளக்க எடுத்துடுங்க, உள்ள எதையும் தொடாதீங்க, சார்ஜும் போடாதீங்க. நாளைக்கு ஆள் அனுப்பறேன்" என்றாள். இருக்கிற சார்ஜுக்கு ஓட்டலாம் என்றும் சொன்னாள்.

"எவ்ளோ கீதுன்னு பாரும்மே" என்றேன் மகளிடம்.

"கோயிலுக்குப் போய்ட்டு வரலாம். ஆனா எகோ மோட்ல போடணும், மெதுவாத்தான் போவும். முறுக்கினா நடுவழில தள்ளிகினு வருவ."

பக்கத்தில் நின்ற மனைவி புதுப்புடவை எடுக்க உள்ளே போகாமல் என் முகத்தையே பார்த்தாள். "அடுத்த பிரதோஷத்துக்குப் போலாம். சாமி எங்க போவப் போறாரு. கேக்குதா?"

இத்தனை நாள் உள்ளங்கைக்குள் வைத்திருந்தவன் இன்றைக்குக் கைவிடுவானா? "கெளம்பு" என்றேன்.

ஸ்டூலை வண்டிக்குப் பக்கத்தில் போட்டோம். அதில் உட்கார்ந்து, அங்கிருந்து எழாமலே நகர்ந்து சீட்டுக்கு மாறினாள். ஒரு முனகல்கூட இல்லை. "இது நம்ம ஸ்டூல் மாதிரியே கீது" என்று ஆச்சரியப்பட்டாள். ஸ்டூல் கதையை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. ஸ்டூலை எங்கே காணோம் என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவள் அவள்.

பெரிய ரோட்டை விட்டு உள் தெருக்கள் வழியாகவே போனேன். மெதுவாக, மெதுவாக. ஒரு நாய்க்குட்டி எங்களோடு கூடவே நடந்து வந்து, சலித்துப்போய்த் திரும்பியது. அப்போதுதான், வண்டிச் சத்தமே இல்லாததில், காதை ஒட்டி முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"பூந்தமல்லி அண்ணன் தோளு வலி போவணும்பா."

யாரிடம் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்க்க நினைத்தேன். திரும்பவில்லை. ஒரு பச்சை கேட் வீட்டைத் தாண்டினோம்.

"இந்தூட்டுப் பொண்ணுக்கு வயித்துல ஒரு புழுபூச்சி தரணும் ஆண்டவனே."

அடுத்தது இஸ்திரி வண்டி. "இவரு இன்னிக்கி கடை போடல. ஒடம்புக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

மாவு மிஷின் வீட்டு மாமியார் மருமகள் சண்டை தீரணும். மாடி வீட்டுப் பையன் பரீட்சையில் தேறணும். பெயர் தெரியாத ஒரு வீட்டுக்கு, "இந்தூட்ல யாரு கீறாங்களோ, நல்லாருக்கணும்." வீடு வீடாக, விட்டுப்போகாமல், அடிக்குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இத்தனை வருஷமாகப் பின்னால் ஏதோ முணுமுணுப்பது தெரியும். பைக் இரைச்சலில் "இன்னா சொன்ன?" என்று கத்துவேன். "ஒண்ணுமில்ல, நீ ஓட்டு" என்று கத்துவாள். மந்திரம் சொல்கிறாள் என்று விட்டுவிடுவேன். நான் கோயிலுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு ஓட்டின தெருவெல்லாம் அவளுக்குப் பிரகாரமாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு வாசலும் ஒரு சன்னதி. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த வண்டி ஓடுகிறதா, மிதக்கிறதா என்று தெரியவில்லை.

கம்பெனி மதில் நீளமாக வருகிற இடம் வந்தது. அங்கே வீடு கிடையாது. அங்கேயும் இன்னும் தணிந்த குரலில் ஒன்று சொன்னாள்.

"எங்கூட்டுக்காரருக்கு அந்தக் காது மட்டும் கொஞ்சம் தொறந்து விடு சாமி. வேற ஒண்ணும் கேக்கல."

மதில் ஓரமாக வேப்பமரங்கள். எனக்குக் கண் மறைத்தது. ஆனாலும் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள்.

கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். கால் ஊன்றி நின்று, என் காதருகே வந்து, வழக்கம்போல உரக்கக் கேட்டாள். "பால் சொம்ப எடுத்தியா? கேக்குதா?"

"கேக்குதும்மே" என்றேன். "நல்லா கேக்குது."

கூட்டம் வழி விட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு நந்தி முன்னால் போய் நின்றாள். அவர் இவளையே பார்த்தார். பால் ஊற்றினார்கள், மேளமும் மணியும் சேர்ந்து எழுந்ததில் எனக்கு மறுபடியும் எதுவும் கேட்கவில்லை. கண்ணை மூடி நின்ற அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இந்நேரம் எந்த வீடு வரைக்கும் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, தூணோரமாகக் கைகூப்பி நின்றேன்.