வராத கம்ப்யூட்டருக்குப் போட்ட துண்டு

“மிஷினே இன்னும் வரல. அதுக்குள்ள சொல்லிக் குடுக்கறதுக்கு ஆளு வந்துடுச்சா? அதுவும் நம்ம மண்டியில மூட்ட தூக்கறவரு பொண்ணு.”

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. சொன்ன இடம், விழுப்புரத்தில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ரேடியோ, டி.வி. கடை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் உறுத்தியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கம்ப்யூட்டர் வரவில்லை. என் அப்பா அவருடைய மண்டியில்தான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் அந்தக் கடையில் நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்தேன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் முதுகு நிமிர்ந்துகொள்ளும். அந்த வருஷம் கடைக்காரர் ஒரு சின்ன கம்ப்யூட்டருக்கு ஏஜென்சி எடுத்திருந்தார். பார்த்தால் டைப்ரைட்டரின் விசைகளை மட்டும் கழற்றி ஒரு பெட்டியில் பதித்த மாதிரி இருக்கும். டி.வி.யோடு இணைத்தால் வேலை செய்யும். வாங்குகிறவர்களுக்கு அதைப் பழக்கிவிட ஓர் ஆள் வேண்டும் என்று என்னை எடுத்தார். பத்து நாள் பயிற்சிக்குச் சென்னைக்கும் அனுப்பினார். அங்கே ஒரு மிஷினுக்கு ஆறு பேர். என் விரல்கள் அதன் மேல் பட்ட நேரத்தையெல்லாம் சேர்த்தால் ஒரு நாள் தேறாது. மீதியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு விற்பனைக்கு வரும் என்று கடை வாசலில் போர்டு வைத்தோம். நடுவில் ஒரு மேசையைக் காலி செய்து, புது விரிப்பு போட்டு, ஒரு டி.வி.யையும் ஸ்டெபிலைசரையும் வைத்துத் தயாராக இருந்தோம். ஒன்பது பேர் பதிவு செய்திருந்தார்கள். ஆயுத பூஜை வந்தது, மிஷின் வரவில்லை. கடைக்காரர் மிஷினுக்கு வைக்க வேண்டிய சந்தனத்தையும் குங்குமத்தையும் ஸ்டெபிலைசருக்கு வைத்தார்.

“வந்துடும்மா. யாரு கேட்டாலும் அடுத்த வாரம்னு சொல்லு” என்றார்.

அடுத்து இன்னொன்றும் சொன்னார். “பொங்கல் வரைக்கும் பாப்போம். பதிவு பண்ணவங்க ஒவ்வொருத்தரா வேணாம்னுட்டா, நானும் ஏஜென்சிய விட்டுடறேன். அந்த மேசைல மிக்சிய அடுக்கிடலாம்.”

என்னை என்ன செய்வதாக இருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மிக்சியை ஓட்டச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாம்.

மண்டிக்காரர் அந்த முதல் கேலிக்குப் பிறகு செய்த காரியம் ஒன்று உண்டு. தோளில் கிடந்த துண்டை எடுத்து மிஷினுக்கு வைத்திருந்த மேசை மேல் போட்டார்.

“இன்னாங்கண்ணே இது?” என்றார் கடைக்காரர்.

“மொதல்ல பதிஞ்சவன் நான்தானே? நான் திண்டிவனத்துல கீறேன். இங்க வேற எவனாவது தூக்கிக்கினு பூட்டா?”

எங்கள் பக்கத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. ஏறியவர்கள் துண்டைப் பார்த்துவிட்டு அடுத்த இடம் தேடுவார்களே தவிர, அதை நகர்த்தி உட்கார மாட்டார்கள். ரேஷன் கடையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் ஆளுக்குப் பதிலாக டின்னும் கல்லும் நிற்கும். ஆகவே அந்தத் துண்டைப் பார்த்த மற்றவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு குடை, ஒரு காலி டிபன் பாக்ஸ், இரண்டு துணிப்பை, சைக்கிள் பம்ப் ஒன்று என்று வரிசை வளர்ந்துவிட்டது. ரேடியோ வாங்க வந்த ஒருவர் குடையைத் தூக்கி விரித்துப் பார்த்து, “இது இன்னா வெல?” என்று கேட்டார்.

குடை ஒரு ஜோசியருடையது. கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்கலாம் என்று யாரோ சொல்லிக் கேட்டுப் பதிவு செய்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் வருவார். அவர் உள்ளே நுழைந்தால் கடையில் இருக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்.

“சாமி, மிஷின் எப்ப வரும்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்களேன். எங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

அவர் முகம் சுளிக்காமல் சொல்வார்: “பொறந்தாத்தானே நேரம் குறிக்கலாம்? அதுதான் இன்னும் பொறக்கவே இல்லியே.”

நான் எல்லோரிடமும் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையும் பதிவு செய்திருந்தார். அவர் மேசையில் எதையும் வைக்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ சொன்னதை நம்பி நானும் பிள்ளைங்ககிட்ட அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லிட்டிருக்கேன். இப்ப நான் வகுப்புக்குள்ள போனாலே, ‘அடுத்த வாரம் வந்துட்டாங்கடி’ன்னு பேசிக்குதுங்க. என் காதுலயே விழுது.”

நான் பதிவு நோட்டைப் பிரித்து, அவருடைய எண்ணைத் தேடுவது போல் பார்த்தேன்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லும்மா. படிச்ச பொண்ணு, அதைச் சொல்ல என்ன பயம்?”

அன்று மாலை திண்டிவனத்துக்குத் திரும்பும் பாசஞ்சர் ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது முடிவுக்கு வந்திருந்தேன். படித்த பொண்ணு என்று என்னை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதைத் திட்டாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் கடைக்காரரைக் கெஞ்சிச் சென்னையிலிருந்த கம்பெனிக்கு டிரங்க் கால் போடச் சொன்னேன். லைன் கிடைக்க மதியம் ஆனது. வெளிநாட்டுப் பாகங்கள் வந்து சேரவில்லை, வருகிற கொஞ்சத்தையும் பெரிய ஊர்களுக்குத்தான் முதலில் அனுப்புகிறோம், உங்களுக்கு எப்போது, எத்தனை என்று சொல்ல முடியாது என்றார்கள். அதை அப்படியே ஒன்பது கார்டுகளில் எழுதினேன். கடைசியில், “எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. பதிவில் உங்கள் எண் இது. இது மாறாது. அடுத்த சனிக்கிழமையும் எழுதுகிறேன்” என்று முடித்தேன்.

கடைக்காரர் ஒரு கார்டை வாங்கிப் படித்துவிட்டு, “ஒம்போது பேரையும் நீயே தொரத்தி உட்டுடுவ போலிருக்குதே” என்றார். ஆனாலும் தபாலில் போடவிட்டார். அதற்கு அவருக்கு என்றும் நன்றி உண்டு.

அவர் பயந்தது கொஞ்சம் நடந்தது. டிபன் பாக்ஸ்காரர் வந்து பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். எட்டுப் பேர் ஆனார்கள். செவ்வாய்க்கிழமை மண்டிக்காரர் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே படி ஏறினார்.

“இன்னாம்மா, தெரியாதுன்றத கார்டு போட்டுச் சொல்றியா? பேஜாரு புடிச்ச கடையா கீதே.”

“வீணா அலைய வேணாம்னுதாங்கய்யா எழுதினேன்.”

“அதான் நானும் சொல்றேன். இன்னிக்கு வீணா வரல. திட்டறதுக்குன்னே வந்தேன்.”

திட்டிவிட்டு உடனே கிளம்பவில்லை. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மிஷின் வந்தால் அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டேன். அதுவரை அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு விவசாயி வந்து தன் மூட்டை எங்கே என்று கேட்டால் உடனே தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றார்.

“இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“நான் எங்க கண்டுபுடிக்கறேன்? உங்கப்பன கூப்புடுவேன். அவன் போயி காட்டுவான்.”

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். மயிலம் பக்கத்து மூட்டைக்கு எந்தச் சணல், ஈரப்பதம் இருப்பதை எந்த அடுக்கில் போடுவார்கள், முதலில் வந்ததை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று அவர் விரல் விட்டுச் சொல்லச் சொல்ல, படிப்படியாக எழுதிக்கொண்டேன். அதுதான் நான் எழுதிய முதல் புரோகிராம். மிஷின் இல்லாமல், பென்சிலில் எழுதியது. பிறகு திட்ட வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேப்பரைக் கொடுத்து, தன் வேலையை அதே மாதிரி படிப்படியாக எழுதச் சொல்லி உட்கார வைத்தேன். ஜோசியர் மூன்று வெள்ளிக்கிழமைகளை அதில் செலவழித்தார். சனிக்கிழமை கார்டுகளும் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. திண்டிவனத்துத் தபால்காரர் கார்டைப் படித்துவிட்டு, கொடுப்பதற்கு முன்பே மண்டி வாசலில் நின்று, “இந்த வாரமும் இல்லீங்க” என்று குரல் கொடுப்பாராம்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்தது. எட்டுப் பேருக்கு ஒரே ஒரு மிஷின். மீதி எப்போது என்றால் அதே பதில்தான். நான் மறுபடி கார்டு எழுதினேன்: ஒன்று வந்திருக்கிறது, அது முதல் எண்ணுக்குரியது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகிறார், அதற்கு முன் பார்க்க விரும்பினால் வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எட்டுப் பேரும் வந்தார்கள். தலைமையாசிரியை நான்கு மாணவிகளைக் கூட்டி வந்திருந்தார். மண்டிக்காரர் வேனில் வந்தார். பெட்டியைத் தூக்குவதற்கு என் அப்பாவை அழைத்து வந்திருந்தார்.

நான் வேலை செய்யும் கடைக்குள் அப்பா வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் செருப்பை விட்டு, துண்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் அது மேலே போனது.

“மொதலாளி, இன்னாங்க இது? உள்ள எதுனா கீதா? ஒரு மரக்கா மல்லாட்ட கனங்கூட இல்லியே.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பெட்டியைப் பிரித்து மிஷினை டி.வி.யோடு இணைத்தேன். அப்பா சொன்னதை எழுதியிருந்த நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக அடித்தேன். டைப்ரைட்டிங் படித்தது அன்று கைகொடுத்தது. முதல் தடவை ஓட்டியபோது பதினோராவது வரியில் தப்பு என்று நின்றுவிட்டது. கடைக்காரர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு கமாவை விட்டிருந்தேன். சேர்த்தேன். மண்டிக்காரர் ஒற்றை விரலால் ஓர் ஊரின் பெயரை அடித்தார். மூன்றாவது அடுக்கு, கிழக்குப் பக்கம் என்று திரையில் இங்கிலீஷ் எழுத்தில் வந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

மண்டிக்காரர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். “சரியாய்யா?”

“சரிதாங்க மொதலாளி. அங்கதான் கீது.”

ஆனால் மற்றவர்களின் முகத்தைப் பார்த்ததும் என் சந்தோஷம் வடிந்துவிட்டது. கண்ணில் காட்டிவிட்டு இல்லை என்பது, காட்டாமல் இருப்பதைவிட மோசம். ஜோசியர் மேசையிலிருந்து தன் குடையை எடுத்தார்.

“நல்லா இருக்குதும்மா. நமக்கு எப்ப வந்து, எப்ப கத்துக்கினு... போதும், நான் வுட்டுடறேன்.”

அவர் விட்டால் அடுத்தவரும் விடுவார். பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது. சுவரோரம் மிக்சிப் பெட்டிகள் வந்து இறங்கியிருந்தன.

“இரு சாமி” என்றார் மண்டிக்காரர். இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்த மண்டிக்கு எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்றது? அங்க எலிதான் கீது. சொல்லிக் குடுக்கற பொண்ணு இங்க கீது. மிச்சம் வர்ற வரைக்கும் இங்கியே கெடக்கட்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஆனா எப்ப வந்தாலும் எனக்குத்தான் மொத மணி.”

ஜோசியர் குடையை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மிஷின் அந்த மேசையிலேயே இருந்தது. மீதி ஏழும் வந்து சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை எட்டுப் பேருக்கும் அந்த ஒன்றிலேயே கற்றுக்கொடுத்தேன், நானும் கற்றேன். கடை மூடும்போது மண்டிக்காரரின் துண்டைத்தான் தூசி படாமல் அதன் மேல் போர்த்துவோம். அவர் ஒரு நாளும் என்னைப் பாராட்டிப் பேசியதில்லை. ஆனால் படி ஏறும்போதே, “டீச்சரு, எம்மணி ஆரம்பிச்சுடுச்சா?” என்று கேட்பார். அப்பா அன்று வெறும் அட்டைப் பெட்டியை வேனில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். அம்மா அதில்தான் நல்ல புடவைகளை வைத்திருக்கிறாள்.

அவர்கள் எட்டுப் பேரும் ஏன் காத்திருந்தார்கள் என்று பல நாள் யோசித்தேன். பாண்டிக்கோ சென்னைக்கோ போய் வேறு ஏதாவது வாங்கியிருக்கலாம். ஒருமுறை தலைமையாசிரியையிடமே கேட்டேன். “சனிக்கிழமை நீ எழுதுவேன்னு தெரியும். அந்தக் கடையிலிருந்து சொன்னபடி வந்து சேர்ந்தது அது ஒண்ணுதானே” என்றார். என்னைத் திட்டியவர்களும் கேலி செய்தவர்களும் பொறுத்திருந்தவர்களும் சேர்ந்துதான் என்னை அந்த மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவருக்கும் நான் நேரில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் அறை எடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் வகுப்புக்காக. பதினோரு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டு மிஷினுக்கு எழுதிப் போட்டேன். இருப்பு இல்லை, அடுத்த மாதம் என்று பதில் வந்தது. போன சனிக்கிழமை பதினோரு கார்டுகள் எழுதினேன்: மிஷின் வரவில்லை, எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது, உங்கள் எண் மாறாது, திங்கட்கிழமை காலை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வந்தார்கள். முதல் பாடம் முடிந்துவிட்டது.