சிக்னலில் படித்தவர்

எங்கள் தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் லைசென்ஸ் கிடைக்கிறதோ இல்லையோ, பி.காம். நிச்சயம் என்று ஒரு வதந்தி. பார்த்துவிடுவோமே என்று ஒரு நாள் மாஸ்டரின் காரில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஓட்டியவர் தையல்கடை அக்கா. பக்கத்தில் மாஸ்டர், காலடியில் அவருக்கென்று தனி பிரேக். சிவப்பு விழுந்து வண்டி நின்றது. அக்கா, தலைக்கு மேல் வெயில் மறைப்பில் செருகியிருந்த துண்டுச்சீட்டைப் பார்த்துக் கேட்டார்.

"தேய்மானம்னா என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் கண்ணை மூடி ஒப்பித்தார். பாதியில் பச்சை விழ, பின்னால் லாரிக்காரன் அலறினான்.

"மிச்சத்த அடுத்த சிக்னல்ல சொல்லுங்க. இப்ப கிளட்ச்ச விடவா, வேணாமா?"

"விடுங்கக்கா, மெதுவா... ஐயோ, மெதுவான்னேன்!"

ஆக, வதந்தி பாதி உண்மை. பி.காம். படித்தது மாஸ்டர்தான், அஞ்சல்வழியில். எல்லாத் தாளும் தேறிவிட்டது. கணக்கியல் மட்டும் முரண்டு பிடித்தது. இந்த முறையும் கவிழ்ந்தால் பதிவே காலாவதி, முன்பு தேறியதெல்லாம் அம்பேல்.

அவர் போடாத டைம்டேபிள் இல்லை. "கோடு போடறதுக்குப் பரீட்சை வெச்சா நீங்கதான் முதல் மார்க்கு" என்பார் மனைவி. அட்டவணையில் ஓய்வு நேரத்தை மட்டும் மனிதர் தவறாமல் கடைப்பிடித்தார். நாளெல்லாம் பிரேக் மிதித்துவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தால், முதல் பத்தியிலேயே குறட்டை.

அப்புறம்தான் இந்த ஏற்பாடு. ஒரு சிக்னலுக்கு ஒரு கேள்வி. விடை தப்பானால் அடுத்த மாணவர் அதையே கேட்க வேண்டும். பலன் தெரிந்ததும் ஆசை பெருத்தது. சிக்னல் அதிகமுள்ள கடைத்தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். மாணவர்கள் நிறுத்தவும் கிளப்பவும் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். இரண்டாவது கியரைத் தாண்டித்தான் யாரும் போனதில்லை.

தேர்வறையில் கேள்வியைப் படித்ததும் வலதுகால் தானாகத் தரையை அழுத்தியதாம். விடை கடகடவென்று வந்ததாம். கண்காணிப்பாளர் குனிந்து மேஜைக்கடியில் பார்த்துவிட்டுப் போனாராம்.

முடிவு வந்த அன்றும் ஓட்டியது அக்காதான். "ஓரங்கட்டுங்கக்கா" என்று செல்போனைத் திறந்த மாஸ்டர், திரையையே மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், ஊத்திக்கிச்சா?"

"பாஸுக்கா."

"அட, அத வாயத் தொறந்து சொன்னா என்ன!" சிரித்தபடி ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார் அக்கா. ஹாரன் நீளமாக அலறியது. மாஸ்டர் அதை நிறுத்தச் சொல்லவே இல்லை.

சிரித்து முடித்ததும் அக்கா கேட்டார்: "எனக்கு மூணாவது கியரு எப்ப?"

"நாளைக்கே, அக்கா. காலி ரோடா பாத்துப் போறோம்."

மறுநாள் பழக்கதோஷத்தில் வண்டியைக் கடைத்தெருவுக்கே விடச் சொன்னார். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அக்கா இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டார்.