காஜா முகைதீன் கேட்க மறந்த கேள்வி

கட்டைவிரல் நகத்தை ஈயக் குண்டின்மேல் அழுத்தி, பிறைபோல் வடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் காஜா முகைதீன். வடு விழுந்தால் அது மென்குண்டு, வலப்பக்கத்து ஓலைப்பெட்டிக்குப் போகும். நகம் வழுக்கினால் இடப்பக்கத்துக்கு. எதிரில் யார் நின்று கனைத்தாலும் தலை நிமிர்வதில்லை. "பைய இரும்வே, மான் ஒண்ணும் ரயிலேறிப் போயிராது" என்பார்.

மேலப்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவின் முனையில் அவர் கடை. லைசென்சுத் துப்பாக்கி வைத்திருப்போருக்குக் குண்டு வார்த்துத் தோட்டா கட்டிக் கொடுப்பது தொழில். வயது ஐம்பதை நெருங்குகிறது. அத்தர் பூசினாலும் அதையும் மீறி வெடிமருந்து மணக்கும். சுருட்டும் கையுமாக வருகிறவரைப் படியிலேயே மறித்துவிடுவார். "சுருட்டா, உசிரா? ரெண்டுல ஒண்ணத்தான் உள்ள கொண்டாரலாம்."

இத்தனைக்கும், அவர் இன்றுவரை ஒரு மானையும் சுட்டதில்லை. வைத்தியரைப்போல் கேள்விகள் மட்டுமே கேட்பார், மூன்று கேள்விகள். "என்ன மிருகம்? எத்தன எட்டுத் தூரம்? அதுக்குப் பின்னால என்ன கெடக்கு?" மூன்றாவது கேள்வி பலருக்கு எரிச்சலூட்டும்.

"பின்னால என்ன கெடந்தா ஒமக்கென்ன சாயபு? நான் மானத்தானே சுடுதேன்?"

"நீரு மானத்தான் சுடுவீரு. குண்டுக்குக் கண்ணா இருக்கு?"

வேகம் கூடினால் வேட்டை சிறக்கும் என்று நம்புகிறவர்களோடு வாதாடியே அவர் தொண்டை கட்டிப்போகும். கலப்பில்லாத காரீயக் குண்டு, அளவான மருந்தோடு நிதானமாகப் போனால், மானின் உடம்புக்குள் காளான்போல் விரிந்து அங்கேயே தங்கும். மானும் நெடுந்தூரம் ஓடாது. வெள்ளீயம் கலந்து இறுக்கிய குண்டோ, மருந்தும் கூடி விரைந்தால், துணியில் ஊசி நுழைவதுபோல் மறுபக்கம் போய்விடும். சிறு துளையோடு மான் இரண்டு மைல் ஓடி, யாருக்கும் பயனின்றிப் புதருக்குள் கிடந்து சாகும். மிளாவுக்கு மட்டும் சற்று விலக்கு உண்டு. எருமைக்கன்று பருமனுள்ள அந்த மானின் தோளெலும்பில் மெதுவான மென்குண்டு பட்டால் அப்பமாகத் தட்டையாகி, தசையோடு நின்றுவிடும். அதற்குக் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதுதான் அவருடைய வித்தை.

சென்ற மாசி மாதம் அந்த வித்தைக்குச் சோதனை வந்தது. கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் தில்லைநாயகம், கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்து வந்து கத்தினார்.

"என்ன சாயபு, குண்டுன்னு சொல்லி வெண்ணெய உருட்டித் தந்துட்டீரா? வெளஞ்ச நெல்லயெல்லாம் மிளா மேஞ்சுட்டுப் போவுது. தோளுல சுட்டா, சந்தனம் பூசிக்கிட்டது கணக்கா ஓடுது!"

எல்லோரும் சிரித்தார்கள். காஜா முகைதீனின் முகம் கறுத்தது. உட்கார்ந்து, வெள்ளீயத்தை வழக்கத்தைவிடக் கூட்டி உருக்கினார். மருந்தையும் ஒரு விரற்கடை ஏற்றினார். ஆறு தோட்டாக்களைக் கட்டிக் கையில் வைத்து, "இனி மலையவே தொளச்சிட்டுப் போவும், போரும்" என்றார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் அன்று வேலையில்லாமல் போயிற்று. மூன்றாவதை அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை ரயிலில் தில்லைநாயகம் திரும்பி வந்தார். துண்டு தோளில் இல்லை, குரலும் இல்லை.

"மோசம் போயிட்டேன் சாயபு. நேத்துப் பொழுதடைய, வாய்க்கா ஓரம் மிளாவச் சுட்டேன். அதுக்குப் பின்னால கோரக்காடு. உள்ள இருந்து ஒரு பொம்பள அலறுனா. ஓடிப்போய்ப் பாத்தா அருவா கெடக்கு, அறுத்த கோர கெடக்கு, ஆளக் காணும். நம்ம கொம்பையா பொண்டாட்டி இசக்கித்தாய். பத்தமடைப் பாய்க்காரங்களுக்குக் கோர அறுக்கப் போனவ. விடிய விடியத் தேடியாச்சு. ரெத்தம் கெடக்கு, மிளா ரெத்தமா, அவ ரெத்தமான்னு தெரியல. போலீசுக்குப் போகதுக்கு முன்ன ஒம்மக் கேக்க வந்தேன். மிளாவத் தொளச்சிட்டு வெளிய வந்த குண்டுக்கு, ஒரு ஆளக் கொல்லுத சத்து இருக்குமா?"

"நான் கடைசியாக் கட்டுன தோட்டாவா?"

"அதேதான்."

காஜா முகைதீன் நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். "இருக்கும்" என்றார். பிறகு கடையைப் பூட்டினார்.

இருவரும் ரயிலேறினார்கள். சேரன்மகாதேவி வயல்கள் சன்னலில் ஓடின. வெள்ளீயம் எவ்வளவு, மருந்து எவ்வளவு, தூரம் எவ்வளவு என்று காஜா முகைதீன் மனத்துக்குள் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் குண்டு மிளாவைக் கடந்து கோரைக்குள் புகுந்தது.

வாய்க்கால் கரையில் கொம்பையா குத்தவைத்திருந்தார். இருவரையும் ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் காஜா முகைதீன் கோரைக்குள் இறங்கினார். மிளா கிழித்துக்கொண்டு ஓடிய தடத்தில் இடப்பக்கத்துத் தாள்களில் இடுப்பளவு உயரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. வலப்பக்கம் சுத்தம். பத்து எட்டுகள் நடந்தார், அப்போதும் சுத்தம். குண்டு மறுபக்கம் வெளியே வந்திருந்தால் இரண்டு பக்கமும் அல்லவா நனைந்திருக்க வேண்டும்? நினைக்கவும் பயந்தவராய் நடையைக் கூட்டினார்.

இரத்தத் தடம் தண்ணீரில் முடிந்தது. இரவு தேடியவர்கள் அங்கேயே திரும்பிவிட்டார்கள். அடிபட்ட மிளா தண்ணீரிலேயே இறங்கி நடக்கும் என்று எத்தனையோ பேர் கடையில் சொல்லக் கேட்டவர் அவர். நீரோட்டத்தோடு வாய்க்காலுக்குள் நடந்தார். இரண்டாவது வளைவில், நாணலுக்குள், மிளா சரிந்து கிடந்தது.

முழந்தாளிட்டு அதன் வல விலாவைத் தடவினார். துளை இல்லை. மறுபடியும் மெல்லத் தடவினார். தோலுக்கு அடியில், கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ உருண்டது. கத்தியால் கீறியதும் உள்ளங்கையில் விழுந்தது, ஒரு பக்கம் நசுங்கிய குண்டு. தோளெலும்பு அதன் வேகத்தைத் தின்றிருந்தது. மிச்சத்தை மறுபக்கத்துத் தோல் வலைபோல் நெகிழ்ந்து பிடித்திருந்தது.

"இங்கன இருக்குவே! எங்கயும் போவல, இங்கனயே இருக்கு!"

அவர் உரக்கக் கத்தி அதுவரை யாரும் கேட்டதில்லை. தில்லைநாயகம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கொம்பையா மட்டும் எழுந்து நின்று, "அப்பம் எம் பொண்டாட்டி எங்க?" என்றார்.

பதில், வாய்க்காலுக்கு அப்பால் ஓடும் ஆற்றின் பக்கமிருந்து வந்தது.

"ஏன், பொண்டாட்டி இல்லாமக் கஞ்சி எறங்கலியோ?"

சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு இசக்கித்தாய் கரையேறி வந்தாள். "மலை உருண்டு வந்தது கணக்கா எம்மேல பாஞ்சுச்சு அந்தச் சனியன். ஓடுன ஓட்டத்துல ஆறு எங்க, கரை எங்கன்னு தெரியல. அக்கரையில எங்க அக்கா வாசல்ல போய்த்தான் நின்னேன். ராவெல்லாம் காய்ச்சலு அடிச்சுது."

"நீ ஆத்துல எறங்குனியா?" என்றார் கொம்பையா. முட்டளவுத் தண்ணீருக்கே அஞ்சுகிறவள் அவள். அக்கரையில் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இருக்கியா தாயீ?" என்று, நாணலிலிருந்து ஓடி வந்த காஜா முகைதீன் கேட்டார்.

"இல்லாம? நான் செத்தா இந்தக் கோரைய அறுக்க ஒங்க வாப்பாவா வருவாரு? பாருங்க, தேடுதேன் தேடுதேன்னு ஊரே மிதிச்சுத் தொவச்சிருக்கு. பத்தமடை வண்டி சாயங்காலம் வந்து நிக்கும். நான் எதத் தூக்கிப் போட?"

காஜா முகைதீன் சாரத்தை மடித்துக் கட்டினார். கீழே கிடந்த அரிவாளை எடுத்தார். மிதிபடாத ஓரமாகப் பார்த்துச் சேற்றில் இறங்கி, ஒரு பிடி கோரையை நடுத்தாளில் பற்றி அறுத்தார். அறுபட்டது பாதி, கசங்கியது பாதி.

"ஐயோ சாயபு, அடியோட புடிங்க. நுனியவா பாயில நெய்வாங்க?"

அவர் இன்னும் குனிந்து, அடுத்த பிடியைத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பற்றினார்.