மீட்டருக்கு எல்லாரும் மாநிறம்

எங்கள் தொழிலில் வெளிச்சம் தப்பினால்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். நிறம் தப்பினால் கல்யாண வீட்டில் சாப்பிடக்கூடக் கூப்பிட மாட்டார்கள். கேமரா வாரைத் தொங்கவிட்டுப் பிடரி தேய்ந்துபோன என் சகபாவிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

என்னிடம் ஒரு ஸ்பாட் மீட்டர் இருக்கிறது. கைப்பிடியும் விசையுமாகப் பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம். வட்டம் எதன்மேல் விழுகிறதோ அந்த இடத்து வெளிச்சத்தை மட்டும் அளந்து, படம் எடுக்கக் கணக்குச் சொல்லும். ஆனால் அதற்கு ஒரு கோணப்புத்தி உண்டு. எதைக் காட்டினாலும் மாநிறம் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டியைக் காட்டி, அது சொன்ன கணக்குப்படியே எடுத்தால் வேட்டி சாம்பலாக விழும். கறுத்த முகத்தைக் காட்டி எடுத்தால் ஆள் வெளிறிப்போவான். வேட்டிக்குக் கொஞ்சம் கூட்ட வேண்டும், முகத்துக்குக் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். "கேமராவுக்குள்ளயே மீட்டர் கெடக்கே, இந்தச் சவத்தெளவு எதுக்கு வே?" என்று என்னைக் கேட்காத போட்டோகிராபர் திருநெல்வேலியில் கிடையாது.

சூடு

டவுணில் ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு துட்டி வீடு. இறந்தவர் ரிட்டையர்டு தாசில்தார். கொரோனா ஓய்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பெரியவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, நெற்றி நிறைய விபூதி பூசி, குடும்பம் சுற்றி நிற்க ஒரு படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நெற்றியில் அளந்தால் விபூதியின் வெள்ளைதான் கணக்கில் வரும். அதனால் கன்னத்துக்கு நேரே மீட்டரை நீட்டினேன்.

அழுகைச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று. கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல், கோயில் வாசல் எல்லாம் அந்த நாட்களில் இதே மாதிரி ஒன்றை நெற்றிக்கு நேரே நீட்டிக் காய்ச்சல் பார்த்துத்தானே உள்ளே விட்டார்கள்? அது எனக்கு உறைக்கவில்லை. எண்ணைப் பார்த்து "சரியா இருக்கு" என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டது வெளியே கேட்டுவிட்டது. பெரியவர் காலடியில் கிடந்த மூத்த மகள், பள்ளிக்கூட டீச்சர், சட்டென்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு இன்னும் சூடு காட்டுதா?"

மாப்பிள்ளை படம்

நாங்குநேரியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை இசக்கிமுத்து, ஏரல்காரன், தோட்டங்களில் வாழைத்தார் வெட்டிச் சுமக்கிறவன். பெண் பேச்சியம்மாள், நாங்குநேரிக்காரி. மாப்பிள்ளை நல்ல கறுப்பு. வெயிலில் நின்று நின்று மெருகு ஏறிய கறுப்பு. போட்டிருந்தது வெள்ளைப் பட்டுச் சட்டை. கேமராவை நம்பி எடுத்தால் சட்டையாவது போகும், முகமாவது போகும். நான் கன்னத்தில் ஒரு தடவை, சட்டையில் ஒரு தடவை அளந்து, கூட்டிக் குறைத்து எடுத்தேன். ஆள் எப்படியோ அப்படியே விழுந்தான். என் மட்டில் அது நல்ல படம்.

மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்வீட்டார் கடைக்கு வந்து பஞ்சாயத்தே வைத்துவிட்டார்கள். "உள்ளது உள்ளபடிதானே இருக்கு" என்றேன். உள்ளதைப் பார்க்கத்தான் வீட்டில் ஆளே இருக்கிறதே, படம் எதற்கு என்றார்கள். ஆல்பம் போடுகிற லேபில் சொல்லி முகத்தை வெளுக்க வைத்தார்கள்; ஆல்பத்தில் இசக்கிமுத்து சந்தன நிறத்தில் வந்து சேர்ந்தான். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான். பெண்ணின் தாயாருக்கு மட்டும் மனசு ஆறவே இல்லை. ஆல்பத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினவர் திரும்பி நின்று ஒரு போடு போட்டார்.

"மாப்பிள்ளையை இப்படியா எரிச்சுப் போடுவீக? நாங்க என்ன துட்டி வீட்டுக்கா உங்களைக் கூப்பிட்டோம்?"

மாடு வந்துவிட்டது

சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் தாமிரபரணி கரை தாண்டியது. ஜங்ஷனில் என் கடைக்குள் இடுப்பளவுத் தண்ணீர். கம்ப்யூட்டரும், நான் எடுத்த கல்யாணங்கள் அத்தனையும் இருந்த டிஸ்குகளும் சேற்றோடு சேறாயின. ஆற்றின் கீழ்ப்பக்கம், ஏரலைச் சுற்றி, ஊர்கள் தீவாகக் கிடந்தன.

தண்ணீர் வடிந்து நான் கடையில் சேறு வாரிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வந்தாள். கூடவே இசக்கிமுத்துவின் அண்ணன் சுடலை. பாலிதீன் பையில் சுற்றிய கல்யாண ஆல்பம் அவன் கையில் இருந்தது. தண்ணீர் ஏறுகிற நேரத்தில், தோட்டத்தில் கட்டிக்கிடந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போன இசக்கிமுத்து திரும்பவில்லை. மாடு வந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று, படம் கேட்கிறார்கள். செல்போனில் இருந்த படமெல்லாம் போனோடு போயிற்று. பரணில் கிடந்ததால் ஆல்பம் மட்டும் தப்பியிருக்கிறது.

பக்கம் நிறைய இருந்த ஒரு படத்தைப் பக்கத்துக் கடையில் ஸ்கேன் செய்து, சுவரொட்டிக்கு ஆக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை. ஆள் கிடைப்பான் என்று நான் ஏதோ ஆறுதலாக உளறினேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இருக்காகன்னா இருக்காகன்னு சொல்லணும், போயிட்டாகன்னா போயிட்டாகன்னு சொல்லணும் அண்ணாச்சி. காலைல எந்திரிச்சா பொட்டு வைக்கதா வேண்டாமான்னு எனக்குத் தெரியலை."

டீக்கடைச் சுவர்

ஏரல் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி ஆற்றங்கரை ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். காணவில்லை. பெயர், வயது. கடைசியாக உடுத்தியிருந்தது நீலக் கட்டம் போட்ட சாரம். நிறம்: மாநிறம். ஒரு போன்கூட வரவில்லை.

நான் ஒரு வேலையாக ஏரல் போனபோது, இசக்கிமுத்து தினமும் டீ குடிக்கிற கடையில் போய் நின்றேன். கடைச் சுவரிலேயே சுவரொட்டி இருந்தது. கடைக்காரர் நல்ல மனுஷன், எழுத்து வாசிக்க வராது. இசக்கியைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு எத்தனை கரண்டி சீனி என்பது முதல் எல்லாம் சொன்னார். பிறகு சுவரைக் காட்டி உச்சுக் கொட்டினார்.

"இந்தா, இவனும் பாவம். எவனோ வெளியூர்க்காரன். இவனையும் தேடுதாக."

அண்ணன் கன்னம்

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். அங்கிருந்தே சுடலைக்குப் போன் போட்டு, மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆல்பத்தோடு கடைக்கு வரச் சொன்னேன். பேச்சியம்மாளும் வந்தாள். "ஏலே, தம்பியும் நீயும் ஒரே நிறம்தானா?" என்று கேட்டேன். "ஒரே பானையில வடிச்சதுதான் அண்ணாச்சி" என்றான். பேச்சியம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவனை வாசல் நிழலில் நிறுத்தி, சட்டையில் அளந்தேன், கன்னத்தில் அளந்தேன். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டது. பிறகு அதே நிழலில் ஆல்பத்தை நிமிர்த்திவைத்து, இசக்கிமுத்துவின் சட்டையிலும் முகத்திலும் வட்டத்தை வைத்தேன். அண்ணனிடம் இருந்த தூரத்தில் பாதிகூட இல்லை. மூதிகள், அந்த அளவுக்கு வெளுத்திருக்கிறார்கள்! கடன் வாங்கிய கம்ப்யூட்டரில் முகத்தைப் பையப் பைய இறக்கிக்கொண்டே போனேன். பிரிண்ட் போடுவது, வாசலுக்குக் கொண்டுபோய் மீட்டரில் பார்ப்பது, இன்னும் இறக்குவது. அண்ணன் கணக்கும் தம்பி கணக்கும் ஒன்றான பிறகு அந்தப் பிரிண்டைப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அழுதாள். பிறகு ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"இந்தா இருக்காகல்லா எங்க வீட்டுக்காரவுக. அந்த ஆளை எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

ஏட்டையா

புதுப் படத்தைக் கொடுக்க மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். அங்கிருந்த ஏட்டையாவைக் குறை சொல்லவும் முடியாது. வெள்ளத்தன்று கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக் கரை சேர்த்தவர். படத்தைப் பார்த்தார். சுடலையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. செல்போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

மழை விட்டதும், கடலுக்குப் பக்கத்தில் ஒரு வாழைத்தோட்டத்தில் ஒதுங்கிய உடல். ரோடு அறுந்துகிடந்ததால் என்னைப் போலப் போட்டோகிராபர் ஒருத்தனும் அங்கே போக முடியவில்லை. ஒரு போலீஸ்காரர் செல்போனில் எடுத்திருக்கிறார். சுற்றிலும் வெயிலில் பளபளக்கிற தண்ணீர். செல்போன் அந்தப் பளபளப்புக்குக் கணக்குப் போட்டு, கறுத்த முகத்தை அடுப்புக்கரியாக்கிவிட்டது. யாரும் கேட்டு வரவில்லை என்று உடலைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் புதைத்தும்விட்டார்கள்.

பேச்சியம்மாள் முகத்தைப் பார்க்கவில்லை. சாரத்தைப் பார்த்தாள். நீலக் கட்டத்தின் ஓரத்தில் கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது. "நீல நூலு தீந்துபோச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷன் என்றுகூடப் பார்க்காமல், "இதை ஏன் சார் இவங்ககிட்ட அன்னைக்கே காட்டலை?" என்று கத்திவிட்டேன். ஏட்டையா கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீலச் சாரம் இந்தப் பக்கம் பாதிப் பேரு கட்டுதான். உங்க ஆளு மாநிறம்னு எழுதியிருந்துச்சு, படத்துலயும் அப்படித்தான் இருந்தாரு. இது நல்ல கறுப்பு. சம்பந்தமில்லாத பொணத்தைக் காட்டி ஒரு பொம்பளைப் புள்ளையை எதுக்கு வே பதற வைக்கணும்னு நெனச்சேன்."

சொன்னது யார்

புதைத்த இடத்தை ஏட்டையாவே கூட்டிப்போய்க் காட்டினார். உடைமரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மண்மேடு, அடையாளத்துக்கு ஒரு கம்பு. வெள்ளத்தில் இறந்த வேறு இரண்டு பேரும் பக்கத்திலேயே கிடந்தார்கள், அவர்களுக்கும் ஆள் வரவில்லை. சுடலை மண்ணில் விழுந்து கத்தினான். பேச்சியம்மாள் நின்றபடியே சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். அழுத்தி அழுத்தித் துடைத்ததில் அந்த இடம் சிவந்துவிட்டது. நான் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வருகிற வேனில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லேப்காரனைத் திட்டினேன், ஆல்பத்தைத் திட்டினேன், செல்போனைத் திட்டினேன். "படம்தான் கெட்டுப்போச்சு. அந்த எழுத்தாவது சரியா இருந்திருந்தா ஏட்டையா காட்டியிருப்பாருல்லா? மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னால ஒரு தடவை மொகத்தைப் பாத்திருக்கலாம். எந்த மடையன் அந்த மாநிறத்தை எழுதினான்?" என்று வேன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். சுடலை தலையைக் குனிந்துகொண்டான். பேச்சியம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எழுதுனது போலீஸ்காரவுகதான், சொன்னது நான். ஸ்டேஷன்ல அத்தனை ஆம்பளைக நிக்காக, கட்டுன புருசனைக் கறுப்புன்னு என் வாயால எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்?"

இப்போதெல்லாம் காணாமல் போனவர் படம் என்று யார் கடைக்கு வந்தாலும் ஆள் என்ன நிறம் என்று கேட்டுவிட்டு, என்ன பதில் வந்தாலும் நம்பாமல் கூடப்பிறந்தவர்களைக் கூட்டிவரச் சொல்கிறேன், அதனால் ஜங்ஷனில் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பேர், இருந்துவிட்டுப் போகட்டும்.